மனசு டாக்டர்கள் ஊரில் இல்லாத மாதம்

சுல்மா பெரெய்ரா யாரையோ மன்னித்துவிட்டாள் என்று யாராவது வந்து சொன்னால் நம்பாதீர்கள். பதினேழு வருஷமாக எனக்கு அவளைத் தெரியும். புவெனஸ் ஐரிஸில், அல்மாக்ரோ பகுதியில் இருக்கும் எங்கள் கட்டடத்துக்கு அவள்தான் காவல்காரி. ஏழு மாடி, இருபத்திரண்டு வீடு, இரும்புக் கம்பிக் கதவு போட்ட அரதப் பழசான ஒரு லிஃப்ட். படிக்கட்டைத் துடைப்பது, குப்பையை இறக்குவது, எல்லா வீட்டு மாற்றுச் சாவியையும் வைத்திருப்பது அவள் வேலை. தரைத்தளத்தில் பின்பக்கம் இருக்கும் ஒன்றரை அறைதான் அவளுக்கு வீடு. வேலை போனால் வீடும் போகும். அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

நான் டெலியா, இரண்டாம் மாடி. இந்தக் கதையில் நான் நல்லவள் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுல்மாவின் பயம் ஒரு ஜூலை மாதத்தில் தொடங்கியது; எங்களுக்கு அதுதான் குளிர்காலம். ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த ஒரு பெரியவர் இரண்டு நாளாக வெளியே தலைகாட்டவில்லை. சுல்மாதான் சாவி போட்டுத் திறந்தாள். ஜன்னலையெல்லாம் இறுகச் சாத்திக்கொண்டு, கேஸ் கணப்பை எரியவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. போலீஸ்காரரே சொன்னார். ஆனால் மனசு போலீஸ்காரர் பேச்சைக் கேட்குமா? தினமும் நிலவறைக்கு இறங்கிப் போய், கேஸ் குழாயின் பெரிய வால்வைத் தொட்டுப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், ஏறி வருவாள். சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வரும். திரும்ப இறங்குவாள். ஒரு நாளைக்கு ஏழு தடவை. சில நாள் நெஞ்சு படபடவென்று அடித்து, விரல் மரத்துப்போய், இதோ சாகப்போகிறேன் என்று துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுவாள்.

அவள் பிறந்த வடக்கு மாகாணமாக இருந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள். எங்கள் ஊரில் மனசு டாக்டரிடம் அனுப்பினோம். இங்கே அதில் வெட்கம் ஒன்றுமில்லை. டாக்ஸிக்காரர் சிக்னலில் நிற்கும்போது தன் டாக்டர் சொன்னதை நமக்கும் சொல்வார். கறிக்கடைக்காரர் எலும்பை வெட்டிக்கொண்டே, தன் அம்மாவோடு தனக்கு என்ன பிரச்சினை என்று விளக்குவார். மனசு டாக்டரிடம் போகாதவன்தான் இங்கே சந்தேகப்பட வேண்டிய ஆள்.

சுல்மாவுக்கு வாய்த்தவள் ராகெல். அரசு மருத்துவமனையில், செவ்வாய்க்கிழமைதோறும். முதல் வருஷம் முழுக்க சுல்மா அழுதாள். அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது. நடந்ததைத் திரும்பி வந்து எனக்குச் சொல்வாள்.

"அந்த நினைப்பு உங்ககிட்ட என்ன சொல்லுதுன்னு கேட்டா, டெலியாக்கா. வால்வு கசியுது, இருபத்திரண்டு வீடும் சாகப்போகுது, நீதான் காரணம்னு சொல்லுதுன்னேன். அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு கேக்கறா. அதுக்கெல்லாம் பதில் சொல்லணுமா? இத்தனை நாளா அது சொல்லும், நான் எந்திரிச்சு ஓடுவேன். வீட்டுக்காரன் பேச்சைக் கேக்கற மாதிரி!"

அன்றிலிருந்து பதில் சொல்லப் பழகினாள். நிலவறைக்கு ஒரே தடவை போவாள். "பாத்தாச்சு, மூடியிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஏறி வருவாள். நினைப்பு மறுபடி வந்தால் விரட்ட மாட்டாள். வந்தால் உட்காரவை, மாத்தே மட்டும் கொடுக்காதே என்பது அவளே கண்டுபிடித்த சட்டம். மாத்தே எங்கள் ஊர்க் கசப்புத் தேநீர்; அதைக் கொடுத்தால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். ஏழு தடவை ஐந்தாயிற்று, மூன்றாயிற்று. எட்டாவது வருஷம் இரண்டில் வந்து நின்றது. சில நாள் ஒன்று.

அந்த எட்டாவது வருஷம்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். ஆறாம் மாடி இவோன் பொன்ஃபாந்தி, வீட்டுக்காரர்கள் குழுவின் தலைவி, ஒரு மதியம் அவள் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். மாத்தே சுற்று ஓடியது. ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், இவள் வாயிலிருந்து அவள் வாய்க்கு. அப்படிக் குடிக்கும்போது மனசில் இருப்பதெல்லாம் தானாக வெளியே வரும். சுல்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்தாம் மாடிப் பெரியவர், ஏழு தடவை, மரத்துப்போகும் விரல், எல்லாம். இவோன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "எனக்கும் பதினெட்டு வருஷமா டாக்டர் இருக்காங்க, எனக்குப் புரியும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

நவம்பரில் குழுக் கூட்டம். வழக்கம்போல அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து வாசல் கூடத்தில் போட்டு உட்கார்ந்தோம். சுல்மா லிஃப்ட் பக்கம் நின்றாள். இவோன் எழுந்தாள். கையில் ஒரு தாள்.

"சுல்மா நல்லவங்கதான். ஆனா அவங்களுக்கு உடம்பு சரியில்ல. மனசு சரியில்ல. ஒரு நாளைக்கு ஏழு தடவை நிலவறைக்குப் போறாங்க. திடீர்னு படியில உக்காந்து, சாகப்போறேன்கறாங்க. அவங்களே எங்கிட்ட சொன்னது. நான் என் டாக்டர்கிட்டயே கேட்டேன். இப்படிப்பட்டவங்க கைல இருபத்திரண்டு வீட்டுச் சாவியைக் கொடுத்து வெக்கறது ஆபத்துன்னு சொன்னாங்க."

ஏழு என்று அவள் சொன்னபோது சுல்மா வாயைத் திறந்தாள். இரண்டு என்று சொல்ல வந்தாள் போல. அதற்குள் இவோன் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். சுல்மாவின் அறை காலியானால் இவோனின் மகன் அங்கே யோகா வகுப்பு நடத்துவதாக இருந்தான். அதை எல்லாரும் அறிவோம். ஆனால் டாக்டர் சொன்னார் என்றால் எங்கள் ஊரில் பாதிரியார் சொன்னதற்கு மேல். ஒருத்தர் கூட எழுந்து கேட்கவில்லை. நானும்தான். என் நாற்காலியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் தொடங்கும் எங்கள் கோடை விடுமுறைக்குப் பாதிப்பேர் கிளம்பவிருந்ததால், சுல்மாவை வேலையைவிட்டு எடுப்பதா என்ற ஓட்டெடுப்பை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

அதன் பிறகு சுல்மாவின் செவ்வாய்க்கிழமைகள் பழிவாங்கும் யோசனைகளுக்கே போயின. இவோன் வீட்டுக் கதவுக்கு முன்னால் சோப்புத்தண்ணி, அவள் குப்பையில் இருப்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, அவள் பூனைக்கு வேறு வீடு பார்ப்பது. ஒவ்வொன்றையும் ராகெல்லிடம் விலாவாரியாகச் சொன்னாளாம். ராகெல் "ம்" என்று கேட்டுக்கொண்டாளாம்.

"கடைசியில ஒரு நாள், இந்தக் கோபத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு கேட்டா, டெலியாக்கா. கீழயும் கோபம்தான், அதுக்குக் கீழ நிலவறை, அங்கயும் கோபம்தான், பதினேழு வருஷமா அந்தக் கட்டடத்தைத் துடைக்கறேன், எனக்குத் தெரியாதான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"சிரிச்சா. முதல் தடவையா சிரிச்சா. அப்புறம் சொல்றா, அவளை என்ன பண்ணணும்னு நூறு யோசனை சொல்லிட்டீங்க, அவகிட்டேருந்து என்ன வேணும்னு ஒண்ணுகூடச் சொல்லலையே. யோசிங்க, மார்ச்சுல பாக்கலாம்னுட்டு கடற்கரைக்குக் கிளம்பிட்டா."

எல்லா மனசு டாக்டர்களும் பிப்ரவரியில் கிளம்பிவிடுவார்கள். ஊரில் மிஞ்சுவது கொசுவும் நோயாளிகளும்தான். அந்த மாதம் பேக்கரியில் வரிசையில் நின்றால்கூட யாராவது யார்மேலாவது எரிந்துவிழுவார்கள். சுல்மாவின் கணக்கு இரண்டிலிருந்து நாலுக்கு ஏறியது. மார்ச்சில் வேலை போகும், வீடு போகும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நிற்கப்போகிறேன் என்று நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. இந்த நினைப்புக்கு என்ன பதில் சொல்வது? அது சொன்னது பொய் இல்லையே.

பிப்ரவரி மூன்றாம் வாரம், மதியம் மூன்று மணி, முப்பத்தெட்டு டிகிரி. மின்சாரம் போயிற்று. ஒரு நிமிஷத்தில் அலறல் கேட்டது. நான் கதவைத் திறந்தேன். லிஃப்ட் எங்கள் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றிருந்தது. கம்பிக் கதவின் மேல்பக்கம் ஒரு ஜோடிச் செருப்பும் முழங்கால் வரைக்கும் காலும் மட்டும் தெரிந்தன.

"யாராவது இருக்கீங்களா? மூச்சு முட்டுது! செத்துப்போயிடுவேன்!"

சுல்மா டார்ச்சோடு படியேறி வந்தாள். என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள்.

"யாரு உள்ள?"

"நான்தான் இவோன்! சுல்மா, சீக்கிரம் திற!"

"கரண்ட் இல்லையே, செனோரா."

"மேல சக்கரம் இருக்குல்ல? சுத்து! உனக்குத் தெரியும்ல?"

தெரியும். மொட்டைமாடி எந்திர அறையில் ஒரு சக்கரம் இருக்கிறது. அதைக் கையால் சுற்றினால் கூண்டு அடுத்த மாடிக்கு வந்து நிற்கும். பத்து நிமிஷ வேலை. சுல்மா அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். அவள் படியில் வசதியாக உட்கார்ந்தாள்.

"தெரியும், செனோரா. ஆனா பாருங்க, என்னை மாதிரி ஆளு கைல அதைக் கொடுக்கலாமா? நடுவுல கை நடுங்கிடுச்சுன்னா? எதுக்கும் உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம். நம்பர் சொல்லுங்க, நானே போன் போடறேன்."

"விளையாடற நேரமா இது? நெஞ்சு வலிக்குது எனக்கு!"

"விரல் மரத்துப்போகுதா?"

"ஆமா!"

"சாகப்போறோம்னு தோணுதா?"

"ஆமா, ஆமா!"

"சாக மாட்டீங்க. நான் எத்தனையோ தடவை செத்திருக்கேன், சாயங்காலம் குப்பையை நான்தான் இறக்கினேன். நம்பர் சொல்லுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டப்போய் அவள் காதில், "பாவம், சுத்திவிடேன்டி" என்றேன். சுல்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாவமா? இந்த வார்த்தையை நவம்பர்ல எங்க வெச்சிருந்தீங்க, டெலியாக்கா?"

நான் என் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

"டாக்டர் ஊர்ல இல்ல, பிப்ரவரி" என்றது மேலேயிருந்து குரல்.

"அவசரத்துக்கு ஒரு நம்பர் கொடுத்துட்டுத்தானே போவாங்க? அரசு ஆஸ்பத்திரி ராகெல்லே எனக்குக் கொடுத்திருக்கா. உங்களோடது பெரிய டாக்டராச்சே."

செருப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"நம்பர் இல்ல."

"ஏன் இல்ல?"

"செத்துட்டாங்க."

"யாரு?"

"என் டாக்டர். ரெண்டு வருஷம் ஆச்சு."

சுல்மா டார்ச்சை அணைத்தாள். இருட்டில்லை, பட்டப்பகல்தான். இருந்தாலும் அணைத்தாள்.

"அப்ப நவம்பர்ல உங்ககிட்ட சொன்னது யாரு? ஆவியா?"

மேலே அழுகை தொடங்கியது. சுல்மா அசையவில்லை. ராகெல் மாதிரியே "ம்" என்றாள். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு "ம்". அந்த "ம்"முக்கு என்ன சக்தியோ, இவோன் பேச ஆரம்பித்தாள். டாக்டர் போனபிறகு வேறு யாரிடமும் போக முடியவில்லையாம். இரண்டு பேரிடம் போய்ப் பார்த்து, வாயே திறக்காமல் திரும்பி வந்தாளாம். வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ரிவதாவியா தெருக் காபிக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாளாம்.

"ரெண்டு வருஷமாவா?"

"போறதில்லைன்னு தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"சரி. என் சோத்துல ஏன் மண்ணைப் போட்டீங்க?"

"நீ அவ்ளோ சுலபமா சொல்லிட்ட. மாத்தே குடிச்சுக்கிட்டே, வெங்காய விலை சொல்ற மாதிரி. எனக்கும் அதே பயம்தான், சுல்மா. லைட்டை அணைச்சுட்டுத் தூங்க முடியல. நான் அன்னிக்கு உங்கிட்ட சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. அப்புறம் உன்னைப் பாக்கும்போதெல்லாம் எரிஞ்சுது. நீ என் கண்ணுல படவே கூடாதுன்னு நினைச்சேன்."

அழுகை குறைந்திருந்தது. மூச்சும் சீராகியிருந்தது. பேசினால் அப்படித்தான் ஆகும் என்பது சுல்மாவுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தால், வேலை செய்துவிட்டதே என்று எரிச்சல்பட்டதுபோல்தான் இருந்தது. எழுந்தாள், ஐந்து மாடி ஏறினாள். கூண்டு விரல்விரலாக மேலே போயிற்று. இரங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இறங்கி வரும்போது பார்த்தேன். இரக்கமெல்லாம் இல்லை, வயிறு நிறையச் சாப்பிட்டவள் முகம்.

மார்ச் முதல் வாரம் கூட்டம். நாற்காலிகள் வந்தன. இவோன் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தலைவியாக இருந்துகொண்டு கடைசி வரிசை. சுல்மா இந்த முறை நடுவில் வந்து நின்றாள். 

"என் பயத்தைப் பத்தி யாரும் சிரமப்பட்டுச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிடறேன். ஏழு தடவை போனேன். அப்புறம் ரெண்டாச்சு. நீங்க வேலையை விட்டுத் தூக்கப்போறீங்கன்னதும் நாலாச்சு. இப்பக்கூட நெஞ்சு அடிக்குது, காது கொடுத்தா உங்களுக்கே கேக்கும். தெரு முனையில சாகப்போறேன்னு பயம். அஞ்சாம் மாடிப் பெரியவர் கனவுல வந்து ஜன்னலைத் திறங்கறார். அதனாலதான் உங்க வீட்டு கேஸ் எல்லாம் ஒழுங்கா இருக்கு. ஒன்பது வருஷமா ஒரு கசிவு உண்டா? இனிமே எங்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல. யாரும் திருடிக்கிட்டுப் போக முடியாது."

நாலாம் மாடி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஆல்திதோ இருமினார். "எனக்கு ரத்தம் எடுக்கற ஊசின்னா மயக்கமே வந்துடும்" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"ஆனா ஒரு டாக்டர் என்னை ஆபத்துன்னு சொல்லியிருக்காங்க" என்று சுல்மா தொடர்ந்தாள். "டாக்டர் பேச்சை மதிக்கணும். இவோன் செனோரா, எந்திரிங்க. அவங்க சரியா என்ன சொன்னாங்கன்னு எல்லாருக்கும் இன்னொரு தடவை சொல்லுங்க. போன வியாழக்கிழமைகூடப் பாத்திருப்பீங்களே."

இவோன் எழுந்தாள். இருபது பேரும் திரும்பிப் பார்த்தோம். அவள் முகம் சுண்ணாம்படித்த சுவராக இருந்தது. உண்மையைச் சொன்னால் மானம் போகும். பொய்யைச் சொன்னால் எதிரே அதை அறிந்தவள் நிற்கிறாள். சுல்மா அவளுக்காகக் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. எட்டு வருஷம் எதிரே ஒருத்தி அப்படிக் காத்திருந்து பார்த்தவள் ஆயிற்றே.

"என் டாக்டர்..." என்றாள் இவோன். "என் டாக்டர் மனசை மாத்திக்கிட்டாங்க."

"அப்படியா? என்ன சொல்றாங்க இப்ப?"

"சுல்மா இருக்கட்டும்னு சொல்றாங்க."

"ஏன் மாத்திக்கிட்டாங்க?" என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில். இவோன் சுல்மாவைப் பார்த்தாள். சுல்மா தரையைப் பார்த்தாள், ஒரு வார்த்தை உதவவில்லை. "தப்பாச் சொல்லிட்டாங்களாம்" என்று இவோன் முனகினாள். ஓட்டெடுப்பில் முதல் கை அவளுடையது. இரண்டாவது என்னுடையது. அதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் எனக்குக் கூசியிருக்கும்.

கூட்டம் கலைந்ததும் நான் சுல்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டும் சத்தம். இவோன், நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லாம விட்டதுக்கு ரொம்ப நன்றி, சுல்மா."

"சொல்ல மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?"

இவோன் நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"என்ன வேணும் உனக்கு? மன்னிப்புதானே? கேக்கறேன். எல்லார் முன்னாடியும் வேணுமா?"

"மன்னிப்பா? அதை வெச்சு நான் என்ன பண்ண? பிப்ரவரி முழுக்க யோசிச்சுப் பாத்துட்டேன், உங்ககிட்டேருந்து எனக்கு என்ன வேணும்னு. டாக்டருங்க எல்லாம் ஊர் திரும்பிட்டாங்க. ஒருத்தரைத் தேடிப் பிடிங்க. நிஜமான ஆளா, உயிரோட இருக்கறவங்களா பாத்து. வாராவாரம் போங்க. எனக்குப் பண்ணினதை உங்க வாயால, ஒண்ணு விடாம, அவங்க முன்னாடி உக்காந்து சொல்லுங்க. நீங்க விடாம போயிட்டிருக்கற வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன்."

"அவ்ளோதானா?" என்றாள் இவோன், உயிர் வந்ததுபோல.

சுல்மா கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "நீ பண்ணினது கொஞ்சம் அதிகம்தான்" என்று சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. ஆனால் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அவ்ளோதானான்னு கேட்டுட்டுப் போறா பாருங்க" என்றாள். "முதல் வருஷம் முழுக்க அழுகைதான்னு அவளுக்கு யாரும் சொல்லல."